ஒரே வயித்துல பொறந்தவங்கதானே?

நம் குடும்பங்களில் அடிக்கடி சொல்லப்படுகிற, யாரும் எதிர்த்துக் கேட்காத ஒரு வாக்கியம் உண்டு. "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே? இவன் மேல வந்துட்டான், அவனால மட்டும் ஏன் முடியல?" கல்யாண வீட்டிலும் சொல்வார்கள், கருமாதி வீட்டிலும் சொல்வார்கள். சொல்பவர் பெரும்பாலும் மேலே வந்தவர். இல்லாவிட்டால் மேலே வந்தவரின் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். கீழே இருப்பவர் அந்த நேரத்தில் பந்தியில் பரிமாறிக்கொண்டிருப்பார், அல்லது பின்பக்கம் அண்டா கழுவிக்கொண்டிருப்பார்.

இந்த வாக்கியம் பொய். அதுவும் சாதாரணப் பொய் இல்லை, நம் சமூகத்தில் வர்க்கம் என்ற ஒன்றே கிடையாது என்று நிறுவுவதற்கு நாம் கண்டுபிடித்த மிக வசதியான பொய். ஒரு முதலாளியையும் அவரிடம் வேலை செய்பவரையும் ஒப்பிட்டால், "அவருக்கு அப்பன் சொத்து இருந்துச்சு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அண்ணனையும் தம்பியையும் ஒப்பிடும்போது அந்த வாய் அடைபட்டுவிடும். அப்பன் ஒருவன், ஆத்தா ஒருத்தி. அப்புறம் வித்தியாசத்துக்குக் காரணமாக மிஞ்சுவது குணம் மட்டும்தான். ஒருவன் உழைத்தான், மற்றவன் உழைக்கவில்லை. கதை முடிந்தது.

பிரிந்துபோன உடன்பிறப்புகளைப் பற்றி நாம் பார்க்கும் படமும் எழுதும் கதையும் பல தலைமுறையாக இந்தப் பொய்க்குத்தான் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கின்றன என்பது என் குற்றச்சாட்டு.

முதலில் வயிற்றுக் கணக்கைப் பார்ப்போம். ஜெலுத்தோங்கில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெயர் வேண்டாம். இந்தத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு ஆள் யாரென்று தோன்றிவிடும். 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப மண்டலம் திறக்கப்படுகிறது. மூத்த மகள் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்துகிறாள், வயது வந்ததும் ஃபேக்டரி பஸ் ஏறுகிறாள். மைக்ராஸ்கோப்பில் குனிந்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. பகல் ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட். நடுவில் பிறந்த பெண், பிள்ளை இல்லாத பெரியம்மா வீட்டுக்குப் போகிறாள். பெரியப்பா வேறு ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடைசிப் பையன் பிறக்கும்போது அக்காவின் சம்பளம் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. அவனுக்கு டியூஷன் உண்டு, ஆறாம் படிவம் உண்டு, தனியாக ஒரு மேசைவிளக்கும் உண்டு.

மூன்று பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். ஆனால் மூத்தவள் பிறந்தது கடனில் இருந்த வீட்டில். நடுவில் பிறந்தவள் வளர்ந்தது கடைக்காரர் வீட்டில். கடைசிப் பையன் பிறந்ததோ, ஒரு ஃபேக்டரிப் பெண்ணின் சம்பளத்தில் நடக்கும் வீட்டில். முகவரியும் குடும்பப் பெயரும் ஒன்றாக இருக்கிற காரணத்தால் அது மூன்று வெவ்வேறு வீடு என்பது நம் கண்ணில் படுவதில்லை. நாற்பது வருடம் கழித்து அந்தத் தம்பி, "நானும் அதே வீட்ல பொறந்து வளந்தவன்தான்" என்று மேடையில் பேசுவார். கைதட்டல் கிடைக்கும். அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தட்டுவார். அவருடைய கண்பார்வை எங்கே போயிற்று என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது ஜெலுத்தோங்கின் வரைபடத்தைப் பாருங்கள். கடலோரமாக கர்ப்பால் சிங் டிரைவில் உயர்ந்த அடுக்குமாடிகள். அதே கரையில் ஜெலுத்தோங் குப்பைமேடு, 2020 ஆகஸ்டில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்த இடம். உள்ளே வந்தால் பழைய கம்பத்து வீடுகள், மலிவு விலை ஃப்ளாட்டுகள். 2000இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்தபோது ஜார்ஜ்டவுன் நடுவிலிருந்து வெளியேறிய குடும்பங்களும் இப்படிப்பட்ட ஃப்ளாட்டுகளுக்குத்தான் சிதறின. முடிந்தவர்கள் தீவிலேயே ஒரு வீடு பார்த்தார்கள். முடியாதவர்கள் பாலம் தாண்டிப் போனார்கள். ஒரே கூரையின் கீழ் வளர்ந்த அண்ணன் தம்பிக்கு நடுவில் கடல் வந்தது. அதைத் தாண்ட டோல் வேறு.

இன்று அவர்கள் பேசிக்கொள்ளும் இடம் குடும்ப வாட்ஸப் குழு. "கேமரன் மலை ட்ரிப், ஆளுக்கு 300 வெள்ளி, யார் யார் வர்றீங்க?" என்று ஒருவர் போடுகிறார். எல்லாரும் கட்டைவிரல் காட்டுகிறார்கள். ஒருவர் மட்டும் பார்த்துவிட்டுப் பதில் போடுவதில்லை. "அவங்க எப்பவுமே ஒட்ட மாட்டாங்க, அவ்ளோ திமிரு" என்று இன்னொரு குழுவில் பேச்சு நடக்கிறது. இதற்கு வெள்ளமும் வேண்டாம், திருவிழாக் கூட்டமும் வேண்டாம். உடன்பிறப்புகள் பிரிய 300 வெள்ளி போதும்.

பிள்ளையை வளர்க்கக் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. சொல்லும் விதத்தில்தான் சூட்சுமம். வாங்கியவர்கள் "தூக்கி வளர்த்தோம்" என்பார்கள். கொடுத்தவர்கள் "கேட்டாங்க, குடுத்தோம்" என்பார்கள். ஏன் கொடுக்க வேண்டியிருந்தது என்பது பேச்சில் வராது. மலேசியாவில் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்ததும் இப்படித்தான். நெற்றியில் பொட்டும் கொண்டையில் மல்லிகையுமாக, நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசும் சீன முகத்துப் பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பத்திரிகைகள் அவர்களை இன நல்லிணக்கத்தின் அடையாளமாகக் காட்டுகின்றன. வளர்த்தவர்களின் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது உண்மையானது. ஆனால் அந்தப் படத்துக்கு வெளியே ஒரு கேள்வி நின்றுகொண்டிருக்கிறது: கொடுக்கப்பட்டது ஏன் பெரும்பாலும் பெண்ணாகவே இருந்தது? கொடுத்த வீட்டில் எத்தனை வாய்க்கு எத்தனை பிடி அரிசி இருந்தது? அவளோடு பிறந்து அந்த வீட்டிலேயே தங்கிவிட்ட அண்ணன்மார் எந்தப் பள்ளிக்குப் போனார்கள், அவள் எந்தப் பள்ளிக்குப் போனாள்? நல்லிணக்கம் என்று முத்திரை குத்திவிட்டால் வறுமையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் இன்னும் நிம்மதி.

வறுமை பிரித்தது ஒரு பக்கம் என்றால், சட்டம் பிரித்தது இன்னொரு பக்கம். 1957க்கு முன் பினாங்கில் பிறந்த குழந்தை பிரிட்டிஷ் பிரஜை. எல்லையைத் தாண்டி, கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்த அதன் அண்ணனுக்கு அந்த உரிமை இல்லை. சுதந்திரத்துக்கு அடுத்த ஆண்டு இந்த மண்ணில் பிறந்த தங்கை தானாகவே குடிமகள். இரண்டு வருடம் முன்னால் பிறந்த அக்கா மனுப் போட வேண்டும். மனு என்றால் பிறப்புப் பத்திரம், ஒரு நாள் கூலி, பஸ் காசு, பாரம் எழுதித் தர ஓர் ஆள். கிராணி வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு வேலையே இல்லை. பால்மரம் வெட்டப் போகிற வீட்டில் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டார்கள். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. 1969ஐ ஒட்டிய காலத்தில் ஏறக்குறைய 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்த நாட்டை விட்டுப் போனார்கள். தள்ளிப்போட்ட அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. பினாங்குத் துறைமுகத்தில் ரஜுலா கப்பலின் மேல்தளத்தில் ஒருவர், கரையில் ஒருவர். அவர்களைப் பிரித்தது விதி என்று பாடிய பாட்டெல்லாம், நிரப்பப்படாத ஒரு பாரத்தை மறைக்கப் பாடிய பாட்டு.

இலங்கை மலையகத்தில் இதே வேலையை இரண்டு அரசுகள் உட்கார்ந்து ஒப்பந்தமாகவே செய்தன. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. கொழுந்து கிள்ளியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. வயதுவந்த பிள்ளைகள் தனித்தனியாக மனுப் போட்ட வீடுகளில் அண்ணனுக்கு ஒரு நாடும் தங்கைக்கு ஒரு நாடும் கிடைத்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் நீலகிரியில் இறங்கி மறுபடியும் தேயிலையே பறித்தார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் "சிலோன்காரன்". கொழும்பில் கடை வைத்திருந்தவர்களும் பிரிந்தார்கள்தான், ஆனால் விமானத்தில் வந்து போகிற பிரிவு வேறு, நாற்பது வருடம் ஒரு கடிதத்தோடு முடிந்துபோகிற பிரிவு வேறு.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் ஒரே வீட்டுக்குள் ஒரு பிள்ளை கையில் நீல ஐசி, இன்னொரு பிள்ளை கையில் ஒன்றுமே இல்லை. எப்படி நடக்கிறது? அப்பா மலேசியக் குடிமகன். அம்மா வெளிநாட்டுக்காரர், அல்லது இங்கேயே பிறந்தும் பத்திரம் இல்லாதவர். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள், ஊரே சாப்பிட்டது. ஆனால் 1982 மார்ச் முதல் அமலில் இருக்கும் திருமணச் சட்டப்படி பதிவு செய்யாத கல்யாணம் கல்யாணமே இல்லை. ஆகவே முதல் பிள்ளை சட்டத்தின் கண்ணில் மணவாழ்வுக்கு வெளியே பிறந்தது. அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தாயின் நிலைதான் கணக்கில் எடுக்கப்படும். அப்பாவின் நீல ஐசி அதற்கு உதவாது. பிறகு யாரோ சொல்லிக் கல்யாணத்தைப் பதிவு செய்கிறார்கள். அடுத்த பிள்ளை குடிமகன். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே பாய். தம்பி எஸ்பிஎம் முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடுவான். அண்ணன் வங்கியில் கணக்குத் திறக்கவே முடியாமல் நாள் கூலிக்குப் போவான். இருபது வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் சொல்வார்: "ஒரே வயித்துல பொறந்தவங்கதானே?"

2024 அக்டோபரில் மக்களவை குடியுரிமைத் திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்குத் தந்தையருக்கு இணையான உரிமை கிடைக்க அது வழிசெய்தது. நியாயமான வெற்றி, நீதிமன்றம் வரை போய்ப் போராடி வாங்கியது. அதே திருத்தம், சிவப்பு ஐசி வைத்திருக்கும் பெற்றோருக்கு இங்கே பிறக்கும் பிள்ளைக்கு இயல்பாகக் கிடைத்துவந்த குடியுரிமையை எடுத்துவிட்டது. வெளிநாட்டில் பிரசவம் பார்த்த தாய்க்கு வழக்கறிஞர் இருந்தார், நாளிதழில் பேட்டி இருந்தது. சிவப்பு ஐசிக்காரருக்கு யார் இருந்தார்கள்? இனி அந்த வீடுகளில் முன்னால் பிறந்த அக்கா ஒரு நிறம், பின்னால் பிறக்கும் தம்பி இன்னொரு நிறம். நம் தமிழ் எழுத்தாளர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்தோம்?

இவ்வளவும் கண்ணெதிரே நடக்கும்போது நம் கதைகள் என்ன செய்கின்றன?

1965இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யை எடுத்துக்கொள்வோம். கோழையான பணக்காரன் ஒருவன், தைரியசாலியான ஏழை ஒருவன். இடம் மாறுகிறார்கள். ஏழை சவுக்கை எடுக்கும்போது கொட்டகை அதிர்ந்தது. அது அதிர்ந்ததற்குக் காரணம் உண்டு, நான் கேலி செய்யவில்லை. ஆனால் கடைசியில் என்ன ஆகிறது? இருவரும் இரட்டையர் என்று தெரிகிறது. அதாவது அந்தச் சவுக்கைத் தூக்கும் உரிமை அவனுக்கு ஏழை என்பதால் வரவில்லை, அந்த வீட்டு வாரிசு என்பதால் வந்தது. ஏழைக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்றால் அவன் ரகசியமாகப் பணக்காரனாகப் பிறந்திருக்க வேண்டும்.

1991இன் 'தளபதி' இதைவிடப் புத்திசாலியான படம். கூட்ஸ் ரயிலில் விடப்பட்டுக் குப்பத்தில் வளர்ந்தவன் ஒருவன், அதே தாய்க்குப் பிறகு பிறந்து கலெக்டராக வந்தவன் ஒருவன். சேரிக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் நேருக்கு நேர் மோதல். அந்த மோதலைக் கடைசிவரை கொண்டுபோயிருந்தால் அது நம் காலத்துக் கதையாக இருந்திருக்கும். ஆனால் அண்ணன் தம்பி என்று தெரிந்த கணத்தில் மோதல் கண்ணீராகக் கரைகிறது. அதன் மூலமான கர்ணன் கதையிலும் இதுதான் நடக்கிறது. அரங்கில் குலம் என்னவென்று கேட்டு அவமானப்படுத்தப்பட்டவனுக்கு நாம் கொடுக்கும் ஆறுதல், "அவனும் உண்மையில் க்ஷத்திரியன்தான்" என்பது. தேரோட்டியின் மகன் வில் பிடிக்கலாம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பாலூட்டி வளர்த்த ராதையை நினைத்து யார் அழுகிறோம்? குந்திக்குத்தான் நம் கண்ணீர் எல்லாம்.

இதற்கு மாறான ஒரு கதை நம்மிடமே இருக்கிறது. ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த ஏழு பிள்ளைகளின் கதை. பிறந்த இடத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது பகவன் போட்ட நிபந்தனை. கபிலரகவல் சொல்கிறபடி உப்பை வண்ணார் வீட்டில் வளர்ந்தாள், உறுவை கள் விற்பவர் வீட்டில், ஔவை பாணர் வீட்டில், வள்ளி குறவரிடத்தில், வள்ளுவர் பறையரிடத்தில், அதிகமான் அரச வீட்டில், கபிலர் அந்தணர் வீட்டில். ஏழு பேர், ஏழு வாழ்க்கை. வரலாறாக இதை யாரும் நம்ப வேண்டியதில்லை. அயோத்திதாசர் இந்தப் பிறப்புக் கதையைக் கடுமையாக மறுத்தவர், அதற்கு அவரிடம் வலுவான காரணம் இருந்தது. பறையர் வீட்டில் வளர்ந்தவருக்கு எப்படி இவ்வளவு அறிவு என்ற கேள்விக்கு, அப்பன் பார்ப்பனன் என்று பதில் சொல்லத்தான் இக்கதையைப் பலர் பயன்படுத்தினார்கள். ஆனால் அகவல் வாதிடுவது பிறப்பின் உயர்வுக்கு எதிராக. வளர்த்த வீடுதான் ஆளைச் செய்கிறது என்ற உண்மை அதில் அப்பட்டமாக இருக்கிறது.

அந்த ஏழு பேரில் உங்களுக்கு யார் யாரைத் தெரியும்? வள்ளுவர், ஔவை, கபிலர், அதியமான். உப்பையையும் உறுவையையும் பற்றிச் சொல்லுங்கள் பார்ப்போம். துணி வெளுத்த வீட்டுப் பெண்ணும் கள் விற்ற வீட்டுப் பெண்ணும் கதைக்குள்ளேயே காணாமல் போய்விட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது. விட்டுப் பிரிய மனமில்லாமல் தாய் அழும்போது, "படைத்தவன் சோறு போடுவான்" என்று பச்சைக் குழந்தையே தாயைத் தேற்றுவதாக மரபு சொல்கிறது. கைவிடப்பட்டவரே கைவிட்டவரை மன்னித்து அனுப்ப வேண்டும். இன்றைக்கும் ஏழை உடன்பிறப்பிடம் நாம் எதிர்பார்ப்பது அதைத்தான். "எங்கக்கா கோவிச்சுக்கவே மாட்டாங்க, தங்கம்" என்கிறோமே, அந்தத் தங்கம்.

ரத்தம் பேசும் என்று சொல்கிறவர்கள் நியூயார்க்கின் மூன்று சகோதரர்களைக் காட்டக்கூடும். 1961இல் ஒரே பிரசவத்தில் பிறந்து, தத்து நிறுவனம் ஒன்றால் மூன்று வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டு, 19 வயதில் தற்செயலாகச் சந்தித்தவர்கள். 1980இல் பத்திரிகைகள் கொண்டாடின: மூவரும் ஒரே சிகரெட் பிடிக்கிறார்கள், மூவரும் மல்யுத்தம் பழகியவர்கள்! 2018இல் வெளிவந்த ஆவணப்படம் மறுபக்கத்தைச் சொன்னது. ஒரு வீடு உழைக்கும் வர்க்கம், ஒன்று நடுத்தரம், ஒன்று வசதியான மருத்துவர் வீடு. ஒரு மனநல ஆய்வுக்காக, பெற்றோரிடம் சொல்லாமலே குழந்தைகளைப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆய்வாளர்கள் வந்து வந்து அளந்துவிட்டுப் போனார்கள். மூவரில் எடி 1995இல் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. ஆனால் ஒரே சிகரெட்டைப் பார்த்து வியந்த உலகம் மூன்று வீட்டையும் பார்க்க ஏறக்குறைய நாற்பது வருடம் எடுத்துக்கொண்டது என்பதை மட்டும் சொல்வேன். ஒற்றுமையைப் பார்த்தால் புல்லரிக்கும். வித்தியாசத்தைப் பார்த்தால் யாராவது பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.

"அப்படின்னா உழைப்புக்கு மதிப்பே இல்லையா? கீழேயிருந்து வந்தவங்க இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அவர்கள் உழைத்தார்கள் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் யாருடைய உழைப்பு எங்கே வரவு வைக்கப்பட்டது என்று பாருங்கள். இரவு ஷிஃப்ட் பார்த்த அக்கா தம்பியைவிடக் குறைவாக உழைத்தாரா? அவருடைய உழைப்பு தம்பியின் சான்றிதழாக மாறிவிட்டது, அவ்வளவுதான். மேலே வந்தவரை நான் குற்றவாளியாக்கவில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொல்கிறேன்.

எழுதுகிற நண்பர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. சிறுகதைப் போட்டிக்கு வரும் பிரிந்த சகோதரர் கதைகளில் இன்னமும் மச்சமும் பழைய புகைப்படமும் மருத்துவமனையில் ரத்த தானமும்தான். கடைசிப் பக்கத்தில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், கதை முடிகிறது. எனக்கு அதற்கு அடுத்த நாள் வேண்டும். கட்டிப்பிடித்த பிறகு யார் காரில் போனார்கள், யார் கிராப் கூப்பிடக் காசு எண்ணினார்கள்? அடுத்த தீபாவளிக்கு யார் யார் வீட்டுக்குப் போனார்கள்? கொடுத்த பழைய ஃபோனை வாங்கிக்கொண்டபோது அண்ணனின் முகம் எப்படி இருந்தது? அம்மாவின் டயாலிசிஸ் செலவைப் பங்கு பிரிக்கும்போது "சமமாப் போடுவோம்" என்று முதலில் சொன்னவர் யார்? பாசம் இருக்கிறதா இல்லையா என்பது இந்தக் கதைகளின் கேள்வியே இல்லை. பாசம் இருக்கும். பாசம் இருந்தும் ஒருவர் இன்னொருவர் வீட்டுச் சோபாவின் நுனியில் உட்காருகிறாரே, அதை எழுதுங்கள்.

வாசகர்களுக்கு ஒன்று. அடுத்த முறை கல்யாண வீட்டில் யாராவது அந்த வாக்கியத்தைச் சொன்னால், பாயாசத்தைக் கீழே வைத்துவிட்டு மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். யாரு எந்த வருஷம் பொறந்தாங்க? யாரு சம்பளத்துல யாரு படிச்சாங்க? யாரு கையில என்ன கலர் ஐசி?